தக்காளி லோடும் மொதல் வரியும்

இங்க வந்து நின்னுக்குங்க. இந்த வழுக்கைத் தலைக்காரர் நாற்காலிக்குப் பின்னாடி. அவருக்கு இப்பத்தான் ரசம் ஊத்தறாங்க, இன்னும் மோரு இருக்கு, பாயசம் இருக்கு, பத்து நிமிசத்துல எந்திரிச்சுருவார். நான் இந்தப் பச்சைச் சட்டைக்காரருக்குப் பின்னாடி நிக்கிறேன். ஆனா இவர் மூணாவது தடவை சோறு வாங்கறாருங்க. நம்ம நேரம்.

மாப்ள வீட்டுக்காரங்களா? ரொம்ப சந்தோசம். பவானியிலயா, அரிசி மண்டியா, நல்லதுங்க. நான் பொண்ணு வீட்டுப் பக்கம். பக்கம்னா ஒறம்பற, சொந்தக்காரன் இல்லீங்க. பொண்ணோட அம்மா வாசல்ல மஞ்சப் பட்டு கட்டிக்கிட்டு எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு நின்னாங்களே, கோகிலவாணி, அவங்களும் நானும் ஒரே ஆபீசுல வேலை பார்த்தோம். தொண்ணூத்தி மூணுல. ஆறு மாசம். ஆறே மாசந்தான், ஆனா அந்த ஆறு மாசத்துல எனக்கு ஒரு குறை இருக்குதுங்க. சொல்லலாங்களா? நீங்க மாப்ள வீடு வேற. சம்பந்தியம்மாவைப் பத்தித் தப்பா எடுத்துக்கக் கூடாது. வரிசையா சொன்னா உங்களுக்கே புரியும்.

அப்ப எங்க சங்ககிரியில வீட்டுக்கு ஒரு லாரி நிக்கும். எங்க மொதலாளி அத்தப்பனுக்கு முப்பத்திரண்டு வண்டி. ஆபீசுல போன் ஒண்ணே ஒண்ணு. அந்த ஒரு போனுக்கு ரெண்டு வகை ஆளுங்க விடிஞ்சதுல இருந்து அடிப்பாங்க. ஒண்ணு சரக்கு அனுப்பினவங்க, எங்க சரக்கு எங்க வருதுன்னு. ரெண்டு டிரைவருங்க. டயர் போச்சு, ஆக்சில் போச்சு, செக்போஸ்ட்டுல புடிச்சு வெச்சுட்டாங்கன்னு. கத்திக் கத்தி மொதலாளிக்குத் தொண்டை போச்சு. அவரோட மருமகன் பெங்களூர்ல இருந்து ஒரு கார்டு வாங்கிட்டு வந்தார். கம்ப்யூட்டருக்குள்ள அதைச் சொருகினா, கம்ப்யூட்டரே போனை எடுக்கும், பேசும், எதிர்ல இருக்கறவங்க நம்பர் அழுத்தினா புரிஞ்சுக்கும். இன்னிக்கு பேங்குக்குப் போன் போட்டா ஒண்ணை அழுத்து ரெண்டை அழுத்துங்குதே, அதுக்கெல்லாம் நாங்கதான் தாத்தா.

அதுக்குப் புரோகிராம் எழுத மொதலாளி ரெண்டு பேரை வெச்சார். சரக்குக்காரங்களுக்குப் பதில் சொல்றது என் புரோகிராம். டிரைவருங்களுக்குப் பதில் சொல்றது கோகிலா புரோகிராம். ஒரே கம்ப்யூட்டரு, ஒரே போனு, ரெண்டு பேரு. மொத நாளே மொதலாளி சொல்லிட்டார்: "தீவாளி வரைக்கும் ரெண்டு பேரும் இருங்க. அப்பறம் ஒருத்தருதான். எவருது நல்லா ஓடுதோ அவரு. எம்பட வண்டி மாதிரிதான், ஓடாததை ஷெட்டுல விட்டுருவேன்."

எனக்கு அந்த வேலை வேணுங்க. படிச்சுட்டு மூணு வருசமா சும்மா இருந்தேன். பொண்ணு பார்க்கப் போனா, மாப்ள என்ன பண்றார்னு கேக்கறப்பவெல்லாம் எங்கம்மாவுக்கு சரியா தண்ணி தாகம் எடுத்துரும், எந்திரிச்சு உள்ள போயிரும். அந்தப் புள்ளைக்கும் வேலை வேணும்னு வெச்சுக்குங்க. அப்ப நான் அதை யோசிக்கலை.

இப்ப ஒரு விசயம் சொல்றேன், பயந்துக்காதீங்க, எளிசுதான். அந்தக் கார்டு கூட ஒரு புரோகிராம் குடுத்திருந்தாங்க. காலையில மிஷினைப் போட்டதும் மொதல்ல அது வந்து உள்ளார உக்காந்துக்கும். சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்காது. போன் பூராவும் அது கையில. இந்த மண்டபத்துக்கு ஒரு மேனேஜர் இருக்கார்ல, அந்த மாதிரி. ஆள் எந்த ரூம்ல இருக்கார்னு நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆபீஸ் மேசை மேல ஒரு பெல் இருக்கும். நமக்கு என்ன வேணுமோ ஒரு சீட்டுல எழுதி வெச்சுட்டு பெல்லை அடிக்கணும். அவர் கையில இருக்கற வேலையைப் போட்டுட்டு வந்து சீட்டைப் பார்ப்பார், காரியத்தை முடிப்பார், பதிலை அதே சீட்டுல எழுதி வெச்சுட்டுப் போயிருவார். அந்தப் பெல்லுக்குத்தான் சாப்ட்வேர் இன்டரப்ட்டுன்னு பேரு. மொதமொதல்ல பெல் அடிக்கறது எதுக்குன்னா, பதிவு பண்ணிக்கறதுக்கு. 'நான் இன்னாரு, வந்துட்டேன், இந்த எடத்துல இருப்பேன், போன் வந்தா என்னைக் கூப்பிடு.' அதைப் பண்ணாட்டி நீங்க எப்பேர்ப்பட்ட புரோகிராமா இருந்தாலும் போன் அடிக்கறதே உங்க காதுல விழாது. போன் வந்தா மேனேஜர் பதிவு பண்ணினவங்களை ஒவ்வொருத்தரா கேப்பார், 'இது உன்னுதா?'ன்னு. ஆமான்னா போன் அவங்களுக்கு. இல்லைன்னா அடுத்தவங்களுக்கு. அவ்வளவுதான். பாருங்க, உங்களுக்குப் புரிஞ்சுருச்சு. எங்க மொதலாளிக்குக் கடைசி வரைக்கும் புரியலை.

கோகிலா புரோகிராம் போனை எடுத்ததும், "டிரைவரா இருந்தா ஒன்பதை அழுத்துங்க"ன்னு கேக்கும். அழுத்தலைன்னா, 'என்னுது இல்லை'ன்னு அடுத்தவர் கைக்குத் தள்ளி விட்டுரும். என்னோடதுல அந்த 'என்னுது இல்லை'ங்கற பேச்சே கிடையாது. வந்த போனை வாங்கறதுதானுங்க மரியாதை, வேண்டாம்னு எதுக்குத் திருப்பி அனுப்பணும்? அந்தப் புள்ள ரெண்டு தடவை சொல்லுச்சு, "வேலு சார், உங்களுதுலயும் அந்த ரெண்டு வரி எழுதிருங்க, எதுக்கும் ஆகும்"னு. நான் எழுதுவனா?

குரல் ரெண்டுக்குமே கோகிலா குரல்தான். மொதல்ல நான்தான் பேசிப் பதிஞ்சேன். மொதலாளி கேட்டுப் பார்த்துட்டு, "ஏப்பா, சரக்கு கேட்டு போன் பண்றவன்கிட்ட சண்டைக்கு வர்ற மாதிரி இருக்குதே"ன்னுட்டார்.

எங்க சண்டை எதுலன்னா, யாரு மொதல்லங்கறதுல. காலையில மிஷின் கண்ணு முழிச்சதும், அன்னிக்கு என்னென்ன பண்ணணும்னு ஒரு பட்டியல் படிக்கும். மேல இருந்து கீழ. அதுல என் புரோகிராம் பேரு மேல இருந்தா நான் மொதல்ல பதிவு ஆவேன். கோகிலா பேரு மேல இருந்தா அது மொதல்ல. மொதல்ல பதிவானவனைத்தானே மேனேஜர் மொதல்ல கேப்பார்? இது என்ன பெரிய ரகசியமா? எங்க ஊர் மாரியம்மன் கோயில்ல மொதல் மரியாதை எங்க வகையறாவுக்கா எதிர் வகையறாவுக்கான்னு பதினெட்டு வருசம் கேஸ் நடந்துதுங்க. பதினெட்டு வருசம் தேரு ஓடலை. பரவால்லைன்னு இருந்தோம். அப்பேர்ப்பட்ட எடத்துல பொறந்தவன் ரெண்டாவது வரியில உக்காருவனா?

அந்தப் புள்ள எட்டரைக்கே வந்து பட்டியல்ல தன்னோட பேரை மேல ஏத்தி வெச்சுரும். நான் ஒன்பதுக்கு வந்து, மிஷினைப் போடறதுக்கு முன்னாடி... இல்லீங்க, போட்டுத்தான் பட்டியலைப் பார்க்க முடியும், பார்த்து, கீழ எறக்கிட்டு, திருப்பி ஒருக்கா அணைச்சுப் போடுவேன். தினமும். "ஏம்மா, வயசுலயும் நான் பெரியவன், வேலைக்குச் சேர்ந்ததுலயும் நாலு நாள் மூத்தவன்." அது ஒரு பெருமூச்சு விடும். "சரிங்க சார், நீங்களே மொதல்ல இருங்க." சொல்லிட்டு டிபன் டப்பாவைத் தொறந்து எதையோ தேடற மாதிரி குனிஞ்சுக்கும். தோள்பட்டை மட்டும் ஆடும். அழுகுதோன்னு எனக்குக் கொஞ்சம் பாவமாக்கூட இருக்கும்.

சித்த இருங்க. அண்ணா, மோரு வாங்கிட்டீங்கல்ல, பாயசம் எடுத்தாச்சுங்களா? இல்லீங்களா. சரிங்க, சரிங்க, மெதுவா சாப்பிடுங்க. உங்காளு எந்திரிச்சுட்டார் பாருங்க, நீங்க உக்காருங்க! அடடே, அந்தம்மா முந்திக்கிச்சு. நான் பேசிட்டே இருந்துட்டேன். மன்னிச்சுக்குங்க. அந்த ஓரத்துல நீலச் சேலை, அவங்க பின்னாடி போய்க்கலாம் வாங்க.

எங்க விட்டேன்? புஸ்தகம். கார்டு கூட ஒரு புஸ்தகம் வந்துது, ஜெராக்ஸ் எடுத்து நூல் போட்டுத் தெச்சது, நாப்பது பக்கம். பெல்லை எப்படி அடிக்கறது, சீட்டுல என்ன எழுதறதுன்னு எல்லாம் அதுல இருக்கும். அதை நான் என் டிராயர்ல வெச்சுப் பூட்டிக்கிட்டேன். கோகிலாவுக்கு என்ன வேணுமோ நானே படிச்சு வாயில சொல்லுவேன். இருபதாம் பக்கம் வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல தேவைப்படலை, ஓடுதுல்ல? ஓடற வண்டியோட பானட்டைத் தொறக்காதேன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. சாவி முருகன் படத்துக்குப் பின்னாடி ஆணியில மாட்டியிருக்கும். அது எனக்கும் முருகனுக்கும் மட்டுந்தான் தெரியும்னு நினைச்சுட்டிருந்தேன்.

ரெண்டு மாசம் அருமையா ஓடுச்சுங்க. சரக்குக்காரங்களுக்கும் பதில் போகுது, டிரைவருங்களுக்கும் பதில் போகுது. டிரைவர் ஒன்பதை அழுத்தி, வண்டி நம்பரை அழுத்தி, வண்டி நின்னு போச்சுன்னா மூணை அழுத்தணும். மூணை அழுத்தினா மிஷினே மொதலாளி வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிரும். எல்லாம் நான் மொதல்ல இருக்கறதாலதான் ஒழுங்கா நடக்குதுன்னு நினைச்சேன். வெளிய ஒரு பூத்துக்குப் போய் நானே ஒருக்கா போன் போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கலை. எழுதினவனே எதுக்குங்க பார்க்கணும்?

அப்பறம் ஆயுத பூசை வந்துது. லாரி ஆபீசுல அதுதான் பெரிய நோம்பி. வண்டிக்கெல்லாம் சந்தனம், பொட்டு, சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம், பூசணிக்காய். கம்ப்யூட்டர் டிவிக்கு மூணு பொட்டு வெச்சோம். மொதலாளி சொன்னார், "இன்னிக்கும் நாளைக்கும் ஆபீஸ் பூட்டு. மிஷினே பார்த்துக்கட்டும். என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டு உங்க ரெண்டு பேர் விசயத்தை முடிவு பண்ணிர்றேன்." அதுதானுங்க பரீட்சை. கோகிலா வீட்டுலயும் பூசைன்னு பதினோரு மணிக்கே கெளம்பிருச்சு. பாவாடை தாவணி இல்லீங்க, அன்னிக்குத்தான் மொதமொதல்ல சேலை. ஊதாக் கலரு, வெள்ளையில சின்னச் சின்னப் புள்ளி. தலையில கனகாம்பரம். அதெல்லாம் எதுக்கு இப்ப.

எல்லாரும் போனப்பறம் நான் மிஷினை அணைச்சுப் போட்டேன். பட்டியலைத் தொறந்தா, வழக்கம்போல கோகிலா பேரு மேல. என் பேரு கீழ. கை மாத்தறதுக்குப் போயிருச்சுங்க. அப்பறம் என்னமோ தோணுச்சு. சரசுவதி பூசையுமாச்சு, போகட்டும், ஒரு நாளைக்கு அந்தப் புள்ளையே மொதல்ல இருக்கட்டும். ரெண்டு மாசமா கேட்டுட்டு இருக்குதே. நாளான்னைக்கு வந்து பார்த்தா சந்தோசப்படும். விட்டுட்டேன். விட்டுட்டு, கதவைப் பூட்டிட்டு, வீட்டுக்குப் போற வழி பூராவும் நான் ஒரு பெரிய மனுசனாட்டம் நடந்து போனேன்.

அன்னிக்கு மத்தியானம் வாளையாறு பக்கத்துல பெரியண்ணன் வண்டி ஆக்சில் ஒடிஞ்சு நின்னுருச்சு. பெரியண்ணன்னா எங்க சீனியர் டிரைவரு. கோலார்ல இருந்து திருச்சூருக்குத் தக்காளி லோடு. அவர் பூத்துக்கு நடந்து போய், டேஷ்போர்டுல ஒட்டின நம்பருக்குப் போன் போடறார். அவருக்குத் தெரிஞ்சது அந்த ஒரு நம்பருதான். "சரக்கு ரசீது நம்பரை அழுத்துங்க"ங்குது கோகிலா குரல். அது என்னோட புரோகிராமுங்க. அவர் ஒன்பதை அழுத்தறார், வண்டி நம்பரை அழுத்தறார், மூணை அழுத்தறார். எம்பட புரோகிராம் எல்லாத்தையும் சேர்த்து ரசீது நம்பர்னு எடுத்துக்கிட்டு, "உங்கள் சரக்கு வந்துகொண்டிருக்கிறது. நன்றி, வணக்கம்"னு வெச்சுருச்சு. பதினாலு தடவை போன் போட்டிருக்கார். பதினாலு தடவையும் வந்துகொண்டிருக்கிறது. கடைசியில பூத்துலயே நின்னு கத்தியிருக்கார், "சரக்கு எங்கிட்ட இருக்குது தாயி, அது எங்கயும் வரலை!"ன்னு. பூத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு வெளிய அனுப்பிட்டார்.

ரெண்டு நாளுங்க. வெயிலு ஒரு நாள், மழை ஒரு நாள். தக்காளிச் சாறு தார் ரோட்டுல ஓடி, எதிர்ல வர்ற வண்டியெல்லாம் என்னமோ ஏதோன்னு நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்காங்க.

மூணாம் நாள் காலையில பெரியண்ணன் வேற வண்டியில தொத்திக்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டார். சட்டையெல்லாம் செவப்பு. மொதலாளி ஆடின ஆட்டம் இருக்கே! "டிரைவர் போனை எடுக்கற புரோகிராம் யாருது?" கோகிலாவுது. எல்லாருக்கும் தெரியும். அந்தப் புள்ள நேரா மிஷின்ல உக்காந்து பட்டியலைத் தொறந்து பார்த்துச்சு. தன்னோட பேரு மேல, என் பேரு கீழ. அப்படியே திரும்பி என்னைப் பார்த்துச்சு. நான் சொன்னேன், நானு வாயைத் தொறந்து சொன்னேனுங்க, "ஏம்மா, அன்னிக்கு உனக்கே மொதல் எடம் குடுத்தேன். அப்பக்கூட உன் புரோகிராமுக்கு ஒரு போன் எடுக்கத் துப்பில்லையே"ன்னு.

அது, "ஆமாங்க சார், தெரியுது"ன்னுச்சு. அப்பறம் மொதலாளியைப் பார்த்து, "எம்மேலதாங்க தப்பு. பார்த்துக்காம விட்டுட்டேன்"னு சொல்லிருச்சு. அந்த வாரமே அந்தப் புள்ளையை நிறுத்திட்டாங்க. எனக்கு வேலை நிரந்தரம். தையில எனக்குக் கல்யாணம். மாப்ள என்ன பண்றார்னு கேட்டப்ப எங்கம்மா தண்ணி குடிக்கப் போகலை.

நல்லா இருந்துதுங்க அஞ்சு வருசம். தொண்ணூத்தி எட்டுல அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டாங்க. டிராயரைக் காலி பண்றப்ப அந்தப் புஸ்தகம் கெடைச்சுது. சும்மா பொரட்டினேன். முப்பத்தோராம் பக்கம். நான் போகாத பக்கம். அதுல ஒரு வரிக்குக் கீழ பென்சில்ல கோடு. என்ன வரி தெரியுங்களா? போன் வந்தா மேனேஜர் கடைசியாப் பதிவு பண்ணினவரைத்தான் மொதல்ல கேப்பாராம். மொதல்ல வந்தவரைக் கடைசியிலதான் கேப்பாராம்!

அப்ப பாருங்க. ரெண்டு மாசமா நான் அடிச்சுப் புடிச்சு மொதல் வரியில உக்காந்ததெல்லாம் கடைசிப் பந்திக்குத்தான். போனெல்லாம் மொதல்ல கோகிலாகிட்டப் போயி, அது பெரிய மனசு பண்ணித் தள்ளி விட்டதுதான் எனக்கு வந்திருக்குது. நான் பெருந்தன்மையா விட்டுக் குடுத்த அந்த ஒரு நாளுதான் நெசமாவே நான் மொதல் ஆளு. அன்னிக்கு ஒரு டிரைவர் போனைக்கூட எம்பட புரோகிராம் அந்தப் பக்கம் விடலை.

கோட்டுக்குப் பக்கத்துல பென்சில்ல பொடி எழுத்து. கோகிலா கையெழுத்து. 'வேலு சார்கிட்ட சொல்லிரலாமா?' அதுக்குக் கீழ, 'பாவம், மொதல் எடத்துல சந்தோசமா இருக்கார்.' தேதி போட்டிருக்குது. மிஷின் போன் எடுக்க ஆரம்பிச்ச மொத வாரம்.

மொத வாரமே தெரிஞ்சிருக்குதுங்க. தெரிஞ்சுக்கிட்டே தினமும் எட்டரைக்கு வந்து தன் பேரை மேல ஏத்தி வெச்சு, நான் வந்து எறக்கறதைப் பார்த்து, டிபன் டப்பாவுக்குள்ள தலையை விட்டுச் சிரிச்சிருக்குது. இதுதானுங்க என் குறை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு லோடு தக்காளி பொழைச்சிருக்கும்ல? சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? நான் மொதலாளிகிட்டச் சொன்னனான்னா? அஞ்சு வருசம் ஆயிப்போச்சுங்க. பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது. ஒருக்கா, ரெண்டாயிரத்துலன்னு நினைக்கறேன், ஈரோட்டுல கம்ப்யூட்டர் கம்பெனி வெச்சிருந்த கோகிலா எங்க ஆபீஸ் பில் போடற வேலையைக் கேட்டு எழுதியிருந்துச்சு. மொதலாளி காயிதத்தைப் பார்த்துட்டு, "யாரு, தக்காளிப் புள்ளையா?"ன்னு சிரிச்சு, தள்ளி வெச்சுட்டார். நான் பக்கத்துலதான் இருந்தேன். டீ குடிச்சுட்டு இருந்தேன். ஆறிப்போயிரும்ல.

அட, நீலச் சேலை எந்திரிக்கறாங்க. உக்காருங்க, உக்காருங்க! எனக்கும் பக்கத்துலயே ஒண்ணு காலியாகுது. வேகமா வாங்க.

*

வந்துட்டீங்களா? நான் பீடாக் கடைக்கிட்ட நிக்கறேன்னு சொன்னேன்ல. இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்குங்க. உங்களுக்குக் கை கழுவ இவ்வளவு நேரமா? அதுக்குள்ள இங்க என்னென்னமோ நடந்து போச்சுங்க.

கோகிலா வந்துச்சு. பந்தியை விசாரிச்சுட்டே வந்தது, நான் எலையை மடிக்கறப்ப நேரா எங்கிட்ட வந்து நின்னுருச்சு. "வேலு சார்!"னுச்சு. தலையெல்லாம் நரைச்சிருக்குது, ஆனா சிரிப்பு அதே டிபன் டப்பாச் சிரிப்பு. மொதலாளிக்கு வெச்ச பத்திரிகைக்கு அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன்னு சொன்னேன். ஒரு நெசத்தைச் சொல்லிர்றனுங்க. மொதலாளி என்னை அனுப்பலை. அவர் மகனைத்தான் போகச் சொன்னார். நான்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். இந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு இருபத்தஞ்சு வருசமா நெஞ்சுக்குள்ள இருக்குதுங்க. பஸ்சுல வர்றப்பவே மூணு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டேன். வாயைத் தொறக்கறேன், அதுக்குள்ள அது சொல்லுது:

"சார், உங்களைப் பார்த்தா மன்னிப்புக் கேக்கணும்னு இத்தனை வருசமா இருக்கேன்."

எங்கிட்டங்க! எங்கிட்ட!

"எனக்கு மொதல்லயே தெரியும் சார், கடைசி ஆளைத்தான் மொதல்ல கேக்கும்னு. சொல்லியிருக்கணும். வெளையாட்டா விட்டுட்டேன். தினமும் எம் பேரை மேல போட்டு வெச்சா நீங்க எப்படியும் எறக்கிருவீங்கன்னு ஒரு தைரியம். அன்னிக்கும் அப்படித்தான் போட்டுட்டுப் போனேன். பெரியண்ணன் ரெண்டு நாள் வெயில்லயும் மழையிலயும் நின்னது என் வெளையாட்டாலதான்." அப்படின்னு சொல்லிட்டு, கண்ணெல்லாம் நெறைஞ்சுருச்சு. அப்பறம் என்னைப் பார்த்து ஒண்ணு கேட்டுச்சு. "ஆனா சார், தினமும் எறக்குவீங்களே, அன்னிக்கு மட்டும் ஏன் எறக்கலை?"

நான் என்னங்க சொல்றது? ஊதாச் சேலைன்னு சொல்றதா? நீ சந்தோசப்படுவேன்னுதான் சொல்றதா? பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு நிக்கற மனுசிகிட்டயா? எனக்கே இப்ப அது கேக்கறப்பத்தான் ஒறைக்குது, அன்னிக்கு நான் யாருக்காக விட்டுக் குடுத்தேன்னு. என்ன சொன்னேன் தெரியுங்களா? "பரவால்லம்மா, விடு. பழசெல்லாம் எதுக்கு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை"ன்னுட்டேன்.

மன்னிச்சுட்டேங்க நானு! மன்னிப்புக் கேக்க வந்தவன் மன்னிச்சுட்டு நிக்கறேன்! அது கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "ரொம்ப நன்றிங்க சார்"னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போகுது.

அது ரெண்டு மாசம் வெளையாடுச்சு. சின்னப் புள்ள, இருபத்திரண்டு வயசு, வெளையாடாம? வேலை போனப்பகூட எம் பேரைச் சொல்லலை. நான் என்ன பண்ணினேன்? எல்லாம் தெரிஞ்சப்பறம் வாயைத் தைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னிக்கு வரைக்கும் மொதலாளி நாலு பேர் கூடினா தக்காளிப் புள்ள கதையைச் சொல்லித்தான் சிரிக்கறார். பக்கத்துல உக்காந்து நானும் சிரிக்கறேன். அந்த டீயை நான் கீழ வெச்சிருக்கணுமுங்க. வெச்சுட்டு, "தப்பு அதுமேல இல்லீங்க"ன்னு சொல்லியிருந்தா அந்த வேலை அந்தப் புள்ளைக்குக் கெடைச்சிருக்கும். அதை நான் செய்யலை. கோகிலாகிட்டச் சொன்னா மட்டும் போதுங்களா? அந்தப் புள்ளையைத் தப்பா நினைக்கறவர்கிட்டத்தானே சொல்லணும்.

இந்தப் பையைச் சித்தப் புடிங்க. தேங்கா இருக்குது, பார்த்து. மொதலாளிக்கே போன் போட்டுர்றேன். யோசிச்சா மறுபடி டீ குடிக்கப் போயிருவேன். அவருக்கு எம்பத்தாறு வயசு, காது இப்பச் சுத்தமா மந்தம். கத்தித்தான் பேசணும், நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க.

ஹலோ. மொதலாளிங்களா? நான் கொழந்தவேலுங்க. கொழந்தவேலு! ஆமாங்க, கல்யாணத்துலதான் இருக்கேன். நல்லா நடந்துதுங்க. இல்லீங்க, ஒரு விசயம் சொல்லணும். தக்காளிங்க. தக்காளி! சாம்பார்ல இல்லீங்க! தொண்ணூத்தி மூணுல, வாளையாத்துல, பெரியண்ணன் வண்டி! ஆமாங்க, அந்த லோடுதான். அது கோகிலா பண்ணினதில்லீங்க. நான் பண்ணினது. நானு! என் புரோகிராம்தான் போனை முழுங்கிருச்சு! என் தப்பு! கேக்குதுங்களா?

எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்களா? பார்க்கட்டுமுங்க. நாதஸ்வரக்காரர் எதுக்கு நிறுத்திட்டார்?

ஆமாங்க. தெரியுமுங்க. இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் சொல்லலீங்க. பயந்துட்டேன். திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. எங்கயா? அந்தப் புள்ளயா? இங்கதாங்க, வாசப்படியில இருந்து என்னையேதான் பார்த்துட்டு நிக்கிறாங்க. இருங்க, ஒரு நிமிசம், வெச்சுராதீங்க.

கோகிலா! அம்மா, இங்க வாங்க. மொதலாளி லைன்ல இருக்கார். உங்ககிட்டத்தான் பேசணுமாம். எனக்கில்லை, இந்தாங்க. இந்தப் போன் உங்களுக்கு.